இணையமும் கிராம வாசமும்

(பெங்களூர் அல்சூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிராம வாசத்தைப் பற்றிப் பேசுவதற்கு, ஒரு பக்கம் மெட்ரோ ரயிலும் மறுபக்கம் பட்டாளத்துப் பாசறையும் நெருக்கிக்கொண்டிருக்கிற இந்த அல்சூரைத் தேர்ந்தெடுத்தது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோமேசுவரர் கோயிலைச் சுற்றி ஹலசூரு என்ற கிராமம் நெடுங்காலமாக இருந்ததுதான். ஆயினும் இப்பேட்டை இன்றைய உருவத்தை அடைந்தது, 1809-இல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எடுத்து இங்கே தண்டு இறக்கிய பிறகு, அந்தத் தண்டுக்குச் சமைக்கவும் சாமான் விற்கவும் கட்டடம் எழுப்பவும் சிப்பாயாகச் சேரவும் வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களால்தான். ஆகவே இங்கு அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர், ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு காரணத்தால் கிராமத்தை வேண்டாமென்று விட்டு வந்தவர்களின் சந்ததி. அல்லது நேற்று விட்டு வந்தவர்கள். ஊர் எது என்று கேட்டால் திருப்பத்தூர்ப் பக்கம், போளூர்ப் பக்கம், அரூர்ப் பக்கம் என்றுதான் இன்றும் பதில் வருகிறது; மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்தவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்த ஊருக்கே திரும்பிவிட்டால் என்ன என்ற பேச்சு கொஞ்ச காலமாக நம் வீடுகளில் கேட்கிறது. "நெட் இருந்தாப் போதும், எங்க இருந்தா என்ன?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தண்ணீர் லாரிக்கும் வாடகை முன்பணத்துக்கும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலுக்கும் சலித்துப்போன பெற்றோர், அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாக நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நியாயம் இருக்கிறதுதான். ஆனால் அது முழு நியாயம் அன்று என்பது என் அபிப்பிராயம். இணையம் ஒரு கிராமத்தை வாழ்வதற்கு இனிய இடமாக ஆக்கிவிடாது. ஏற்கெனவே ஒருவருக்கு இனியதாக இருக்கும் கிராமத்தை, பிழைப்புக்காக விட்டுப் போகவேண்டிய நிர்ப்பந்தத்தைச் சிலருக்கு அது நீக்கும். அந்தச் சிலர் யார் என்பதில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது.

கம்பி ஊருக்கு வரும் இந்தக் கதைக்கு இந்த மைசூர்ச் சீமையிலேயே ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, அவர் காலமான பின் 1902-இல் நிறைவேறிய சிவனசமுத்திரம் மின் நிலையத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் மின்கம்பி இழுத்தார்கள். அக்காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின் தடங்களில் ஒன்று என்று அது பேர் பெற்றது. பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இயந்திரங்கள் ஓடுவதற்கு அந்த மின்சாரம் பயன்பட்டது. 1905-இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. கம்பி கடந்து சென்ற கிராமங்களோ, தங்கள் வயலில் நட்ட தூண்களையும் தலைக்குமேல் ஓடும் கம்பியையும் பார்த்துக்கொண்டு, சாயங்காலமானால் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிக்கொண்டு, இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. கம்பி ஓர் ஊரின் வழியாகப் போவது வேறு, அந்த ஊருக்கு வருவது வேறு. வந்த பின்னும் எந்தத் தெரு வரை வருகிறது என்பது மூன்றாவது கேள்வி. இன்று கண்ணாடி இழைக் கம்பியைப் பற்றிப் பேசும்போதும் இந்த மூன்று கேள்விகளும் அப்படியே நிற்கின்றன.

கிராமம் வாழத் தக்கதா என்ற வாதம் இணையத்தைவிட மிகவும் பழையது. தஞ்சையில் பிறந்து, கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் பயின்று, காந்தியடிகளோடு சேர்ந்து கிராமக் கைத்தொழில் ஸ்தாபனத்தை நடத்தி, கடைசிக் காலத்தை மதுரைக்கருகில் கல்லுப்பட்டியில் கழித்த ஜே.சி. குமரப்பா அவர்கள், நிலைத்த பொருளாதாரம் கிராமத்தில்தான் சாத்தியம் என்று ஆயுள் முழுவதும் வாதித்தார். அதற்கு நேர் எதிராக, 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், இந்தக் கிராமங்களைப் போற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டு, குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடங்களாக அவற்றை வருணித்தார். பெரியாரோ இன்னும் ஒரு படி மேலே போய், வர்ணாசிரமத்தில் சூத்திரன் இருக்கும் ஸ்தானத்தில் நகரத்துக்கு எதிரே கிராமம் இருக்கிறது, ஆகையால் சீர்திருத்துவதற்குப் பதிலாகக் கிராமம் என்ற அமைப்பையே ஒழிக்க வேண்டும் என்றார். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. கம்பியில்லாமல் பேசும் சாதனம் ஆளுக்கு ஆள் இருக்கும், தூரத்திலிருப்பவரோடு உருவம் பார்த்தே பேசலாம், ஓரிடத்திலிருந்து பல இடத்து மக்களுக்குக் கல்வி கற்பிக்கலாம் என்று 1940-களிலேயே 'இனிவரும் உலகம்' என்ற கட்டுரையில் எழுதியவரும் அதே பெரியார்தான். அவர் எதிர்பார்த்த சாதனம் இன்று ஆடு மேய்ப்பவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அவர் ஒழிக்கச் சொன்ன கிராமமும் அப்படியே இருக்கிறது. சாதனம் வந்தால் அமைப்பு தானாக மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் காலத்தில் இவ்விரு கட்சிகளையும் சமாதானப்படுத்த முயன்றவர் அப்துல் கலாம் அவர்கள். சாலை, மின்னணுத் தொடர்பு, அறிவு, பொருளாதாரம் என்ற நான்கு வகை இணைப்புகளையும் ஒருசேரக் கொடுத்தால் கிராமத்தாருக்கு நகர வசதி கிராமத்திலேயே கிடைத்துவிடும் என்ற 'புரா' திட்டத்தை அவர் 2003-இல் தேசத்தின் முன் வைத்தார். ஒருசேர என்ற சொல்லைத்தான் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டார்கள். நான்கில் எளிதாகக் கொடுக்கக்கூடிய ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்ற மூன்றும் பின்னாலேயே வந்துவிடும் என்று இருந்துவிட்டார்கள்.

கலாம் பேசுவதற்கு முன்பே தமிழ் வழங்கும் நாட்டில் இரண்டு பரீட்சைகள் நடந்தன. ஒன்று புதுச்சேரியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய அறிவு மையங்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது நாளைக் காலையில் கடல் எப்படி இருக்கும் என்ற ஒரே சேதி. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை மையத்தில் எடுத்துத் தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் கரையெங்கும் கேட்கும்படி வாசித்தார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத கிழவரும் அந்தச் சேதியால் பயனடைந்தார். 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு என்ற பக்கத்துக் கடலோர ஊரில் அதே போன்ற மையத்து ஒலிபெருக்கியில் எச்சரித்ததால்தான் சுனாமி வருவதற்குள் ஜனங்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். எச்சரிக்கை வந்தது சிங்கப்பூரிலிருந்து, அவ்வூர்க்காரர் ஒருவரின் தொலைபேசி வழியாக. ஆனால் இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது அந்நிறுவனம் ஆரம்பத்திலேயே விதித்த ஒரு நிபந்தனையை. மையத்துக்கு இடம் ஊரார் தர வேண்டும்; அந்த இடத்துக்குத் தலித் மக்களும் பெண்களும் தடையின்றி வந்துபோக வேண்டும்; இல்லையென்றால் மையம் இல்லை. கம்பி இழுப்பதற்கு முன்பே தெருவைப் பற்றிக் கேட்ட விவேகம் அது.

இன்னொன்று மதுரை ஜில்லா மேலூர் வட்டாரத்தில் 2001-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கம்பியில்லாத் தொடர்பைக் கொண்டு, ஊருக்கு ஒரு கணினிக் கடை வைத்தார்கள். வருமானச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அங்கிருந்தே தாலுகா அலுவலகத்துக்கு மனு அனுப்பலாம். நோய் கண்ட பயிரைப் படமெடுத்து விவசாயக் கல்லூரிக்கு அனுப்பி யோசனை கேட்கலாம். கண்ணில் கோளாறு என்றால் அரவிந்த் மருத்துவமனைக்குப் படம் அனுப்பலாம். ஒரு மனுவுக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் சார்ஜையும் இழந்து, தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் காத்துக்கிடந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்தக் கடைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. அதை ஆராய்ந்தவர்கள் கண்ட காரணங்களில், வருமானம் போதாமையும் பழுது பார்க்க ஆள் வராமையும் எதிர்பார்க்கக்கூடியவை. முக்கியமானது வேறு: ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசாங்கச் சேவைகளுக்கு ஆதரவு இல்லாமற்போயிற்று. கணினி ஊரில் இருந்தது. மறுமுனையில் மனுவைப் படிக்க ஒருவர் இல்லை. கடை ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் படித்த இளைஞர்கள். பின்தள்ளப்பட்டவர்களின் குடியிருப்புக்கு அருகில் கடை இருந்தால்தான் அவர்களும் வருகிறார்கள் என்று அதே ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் இடையில் உள்ள நானூறு அடி, மேலூருக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம் என்பது நம்மில் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அரவிந்த் மருத்துவமனையின் பெயரைச் சொன்னதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். தேனி வட்டாரத்தில் சிற்றூர்களில் அவர்கள் அமைத்த பார்வை மையங்களை, அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையார் உதவியோடு நெடுந்தூர வைஃபை மூலம் தேனி மருத்துவமனையுடன் இணைத்தார்கள். கிராமத்தில் இருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்துப் பேசுகிறார். அது இன்றளவும் ஸ்திரமாக நிலைத்து விரிவடைந்ததற்குக் காரணம் வைஃபை என்று நான் நினைக்கவில்லை. நோயாளியின் கண்ணை முதலில் பரிசோதித்து டாக்டருக்கு விவரம் சொல்லும் பெண்கள், அந்த மருத்துவமனையால் வருஷக்கணக்கில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். மேலூரில் மறுமுனையில் ஆள் இல்லை. தேனியில் இரண்டு முனையிலும் ஆள் இருந்தார்கள்.

இனி நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் மத்தளம்பாறை. தென்காசிக்கருகில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள அந்த ஊரில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் ஒரு சிறிய அலுவலகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்து இளைஞர்களைக் கொண்டே உலகெங்கும் விற்கும் மென்பொருளைச் செய்யலாம் என்று காட்டியது. அதன் ஸ்தாபகர் ஸ்ரீதர் வேம்பு அவர்கள் 2019-இல் தாமே தென்காசிப் பக்கம் வந்து குடியேறினார். இந்த உதாரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதைக் காட்டி இணையத்தின் வெற்றி என்று சொல்லும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறோம். அங்கே முதலில் போனது கம்பி அன்று. சம்பளம் கொடுக்கும் ஒரு முதலாளியின் தீர்மானம். கம்பி அந்தத் தீர்மானத்தைச் சாத்தியமாக்கிற்று. அதே வேகமான இணைப்பு உள்ள எத்தனையோ ஊர்களில், அதைக் கொண்டு பையன்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை தேடி, கிடைத்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். வேலை உள்ளவனை ஊரில் இருத்தி வைக்கும் அதே இணையம், வேலையில்லாதவனுக்கு ஊரை விட்டுப் போகும் வழியைக் காட்டுகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மடிக்கணினியோடு பெங்களூரை விட்டுப் போனவர்களைப் பற்றி நாம் எல்லோரும் அறிவோம். ஜோலார்பேட்டைக்கருகில் அப்படிப் போய் இன்னும் திரும்பாத ஒரு தம்பதியின் வீட்டுக்கு நான் சென்றிருந்தேன். மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த கறுப்புக் கம்பி, பக்கத்து வீட்டு முருங்கைக் கிளையில் சாய்ந்து ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. சுவரில் லைன்மேன் நம்பரும் கேபிள்காரர் நம்பரும் கரியால் எழுதியிருக்கின்றன. இன்வெர்ட்டர் இருக்கிறதே, மின்சாரம் போனால் என்ன என்று கேட்டேன். வீட்டு மோடத்துக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. நடுவழியில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் கம்பத்தில் கேபிள்காரர் மாட்டியிருக்கும் பெட்டிக்கு இல்லை. ஆகையால் தெருவில் கரண்ட் போனால் நெட்டும் போகும் என்றார் அந்த இளைஞர். அதற்காக இரண்டு கம்பெனி சிம் வைத்திருக்கிறார். ஒன்று மாடிப்படியில் எடுக்கும், மற்றொன்று மாட்டுக் கொட்டகைப் பக்கம் எடுக்கும். இவ்வளவையும் அவர் அலுத்துக்கொண்டு சொல்லவில்லை. தகப்பனாருக்குச் சர்க்கரை வியாதி, கூடவே இருக்க முடிகிறது, வாடகை மிச்சம், குழந்தை மண்ணில் விளையாடுகிறது.

அவர் மனைவியும் அதே போன்ற உத்தியோகத்தில் இருப்பவர். அவரிடம் கேட்டபோது பதில் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. பெங்களூரில் அலுவலகத்துக்குப் போனால் அவர் உத்தியோகஸ்தர். இங்கே மாடியில் இருந்தாலும் வீட்டில் இருக்கும் மருமகள். காதில் ஹெட்ஃபோனோடு மேலதிகாரிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில், "வீட்லதானம்மா இருக்க, பால் பொங்குது பாரு" என்று கீழேயிருந்து குரல் வருகிறது. மாமியார் கொடியவர் அல்லர். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது வேலை என்பது அவருடைய அனுபவத்தில் இல்லாத விஷயம். அந்தப் பெண் என்னிடம் கடைசியாகச் சொன்னது: "அவருக்கு இது சொந்த ஊரு சார். எனக்கு இது கட்டிக்கொடுத்த ஊரு." கிராமத்தின் கவர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் இங்கே கருத வேண்டும்.

இந்தத் தம்பதியாவது மடிக்கணினியில் அடங்கும் தொழில் உடையவர்கள். அப்படி அடங்காத தொழில் உடையவர்களைப் பார்க்க வேண்டுமானால், அதிகாலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்பட்டு வரும் ரயிலைப் பாருங்கள். முன்னே சொன்ன சிவனசமுத்திரத்து மின்சாரம் போய்ச் சேர்ந்த அதே கோலார் தங்கவயல். நம் வட ஆற்காட்டு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்த இடம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. வீடு இருக்கிறது, உறவு இருக்கிறது, கோயிலும் மாதாகோயிலும் இருக்கின்றன, இன்று செல்போனில் நல்ல இணையமும் இருக்கிறது. பிழைப்பு மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் நெடுந்தூரத்தைத் தினமும் ரயிலில் கடந்து பெங்களூருக்கு வந்து போகிறார்கள். ஒயிட்ஃபீல்டில் இறங்கிக் கணினிக் கம்பெனிகளின் வாசலில் காவல் நிற்பவர்களும், தரை துடைப்பவர்களும், சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவுபவர்களும் அவர்களில் உண்டு. ரயிலில் எல்லோர் கையிலும் செல்போன். படம் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், பேசுகிறார்கள். அந்தக் கருவி அவர்கள் பிரயாணத்தை ரம்மியமாக்குகிறது. ஒரு மைல்கூடக் குறைக்கவில்லை. 2020-இல் ரயில் நின்றபோது அந்தக் கம்பெனிகளின் வேலை வீடுகளுக்குப் போயிற்று. துடைப்பதற்குத் தரையும் காப்பதற்கு வாசலும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

ஆகையால் இணையத்தால் கிராமம் ஆகர்ஷணம் பெற்றுவிட்டது என்று ஒருவர் சொன்னால், யாருக்கு என்று கேட்க வேண்டும். நல்ல சம்பளத்தில், கம்பி வழியாகச் செய்யும் வேலை உள்ள, ஊரில் சொந்த வீடும் அந்த வீடிருக்கும் தெருவில் மரியாதையும் உள்ள ஓர் ஆண் மகனுக்கு நிச்சயமாகப் பெற்றுவிட்டது. அவனைப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் தூரமாக இருந்தவர்களுக்கு இணையம் பரிகாரம். அவமானமாக இருந்தவர்களுக்கு அது பரிகாரமாகாது. இந்த அல்சூருக்கு நம் முன்னோர் பலர் வந்ததற்குக் கூலி மட்டும் காரணம் அன்று. இங்கே செருப்புப் போட்டுக்கொண்டு எந்தத் தெருவிலும் நடக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

இதனால் கம்பி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பி வேண்டும், அது போய்ச் சேரும் இடம்தான் என் விவகாரம். கிராமப் பஞ்சாயத்துகளையெல்லாம் கண்ணாடி இழையால் இணைப்பதென்று மத்திய சர்க்கார் 2011-இல் முடிவு செய்து, பிற்பாடு பாரத்நெட் என்று பெயரிட்ட திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் 12,525 பஞ்சாயத்துகளை இணைக்கும் வேலை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே இழுக்கப்படுகிறது. திட்டப்படி அந்தக் கம்பி போய் நிற்கும் இடம் பஞ்சாயத்து அலுவலகம். வாரத்தில் பல நாள் பூட்டியிருக்கும் ஓர் அறையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு பெட்டி இருந்தால், கணக்கில் அந்த ஊர் இணைக்கப்பட்ட ஊர். பள்ளிக்கூடம், துணைச் சுகாதார நிலையம், நூலகம், காலனி ஆகியவற்றுக்கு அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது. அந்தக் கொஞ்ச தூரத்தை இழுப்பது ஊர் கேட்டால்தான் நடக்கும்.

கேட்பதற்கு இடமும் நாளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கிராமசபை இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நீங்கள், ஓட்டுரிமை இன்னும் அங்கே இருந்தால் ஜனவரி 26-இல் சபையில் போய் உட்காருங்கள். ஓட்டு இங்கே மாறிவிட்டது என்றால் அண்ணனையோ அத்தையையோ போகச் சொல்லுங்கள். கம்பி எந்தக் கட்டடத்தில் நிற்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கும் காலனிக்கும் எப்போது வரும் என்று மூன்று கேள்வி கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.